மட்டக்களப்பு அடுப்பில் மெக்சிக்கோச் சமையல்

மெக்சிக்கோ உணவைப் பற்றிப் பேச்செடுத்தால், அதற்குரிய பொருட்களைக் கொழும்பிலுள்ள பெரிய கடைகளில்தான் வாங்க வேண்டும் என்று நம்மவர்களில் பலர் சொல்லிவிடுகிறார்கள். பெட்டியில் அடைத்த மொறுமொறுப்பான மஞ்சள் ஓடுகளும் போத்தலில் வரும் சல்சா என்னும் தக்காளி மிளகாய்ச் சம்பலும் இல்லாமல், மெல்லிய ரொட்டியில் கறி வைத்து மடிக்கும் டாக்கோவைச் செய்ய முடியாது என்று நானும் சில காலம் நம்பியிருந்தேன். அந்த ஓடுகளும் அவற்றின் மேல் உருக்கி ஊற்றும் மஞ்சள் சீஸும் எல்லைக்கு வடக்கே, ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கத்தில் வளர்ந்த வழக்கம் என்பதும், மெக்சிக்கோவின் வீடுகளில் அன்றாடம் அடுப்பேறுபவை சோளன், அவரை இனத்துப் பருப்புகள், மிளகாய், தக்காளி, தேசிக்காய் போன்ற எளிய பொருட்கள் என்பதும் பின்னர்தான் எனக்கு விளங்கின. இவற்றில் எதைத் தேடியும் கல்முனைச் சந்தையையோ மட்டக்களப்புச் சந்தையையோ தாண்டிப் போக வேண்டியதில்லை.

உண்மையில் இரண்டு சமையலறைகளும் ஒன்றுக்கொன்று கடன்பட்டவை. நாம் கொச்சிக்காய் என்று சொல்லும் மிளகாயும், தக்காளியும், சோளனும், கொய்யாவும், பப்பாசியும், ஆனைக்கொய்யாவும் ஐரோப்பியக் கப்பல்கள் போய்வரத் தொடங்கிய பின்னரே அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தன. அரிசியும் தேசிக்காயும் கொத்தமல்லியும் கறுவாவும் அதே காலத்தில் அந்தப் பக்கம் போயின. ஆகவே பொருட்களில் நமக்குப் புதுமை குறைவு. புதிதாகப் பழக வேண்டியது கையாளும் முறையை மட்டுமே. அதிலும் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைச் சேர்க்காமல் விடுவது என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

கீழே வரும் எந்த உணவிலும் தேங்காய்ப்பால் விடக் கூடாது. வறுத்து அரைத்த கறித்தூள் போடக் கூடாது. கடுகும் கறிவேப்பிலையும் ரம்பையும் இட்டுத் தாளிக்கக் கூடாது. மெக்சிக்கோவின் கரையோரங்களில் தேங்காய் சேரும் உணவுகள் இருக்கின்றன என்றாலும், இங்கே சொல்லப்படுபவை அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. தாளிதத்தின் மணத்துக்குப் பதிலாக அவர்கள் பயன்படுத்துவது சுட்ட மணம். தக்காளி, வெங்காயம், உள்ளி, மிளகாய் ஆகியவற்றை எண்ணெய் இல்லாத சூடான கல்லில் போட்டுத் தோல் கருகும்வரை புரட்டிய பிறகே அரைக்கிறார்கள். என் வீட்டில் சமைப்பதைவிட இந்த விலக்குகளைப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளும்படி செய்வதுதான் கடினமாக இருந்தது. கறித்தூள் இல்லாத கோழியை யார் தின்பது என்று கேட்ட மாமியே இரண்டாம் முறை தட்டை நீட்டிய பின்னர் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

பொருட்களைத் தெரிவு செய்தல்

சீரகத்தில் கவனம் வேண்டும். இங்கே தேவைப்படுவது நற்சீரகம். பெருஞ்சீரகத்தைப் போட்டால் உணவு உடனே நம்மூர் இறைச்சிக் கறியின் மணத்துக்குத் திரும்பிவிடும். நற்சீரகத்தையும் அரைத் தேக்கரண்டிக்கு மேல் எங்கும் போட வேண்டியதில்லை.

ஒறிகானோ என்னும் மூலிகைக்குப் பதிலாக முற்றத்தில் வளரும் கற்பூரவள்ளி இலையைப் பயன்படுத்தலாம். இரண்டும் வெவ்வேறு செடிகள் என்றாலும், இரண்டின் மணத்திலும் கார்வக்ரோல் என்னும் பொருளுக்கு முக்கிய பங்கு உண்டு. சளிக்குக் கொடுக்கும் இலையைச் சமையலில் போடுவதா என்று பிள்ளைகள் முகம் சுளிக்கக்கூடும். ஒரு சட்டிக்கு இரண்டு சிறிய இலைகளோடு நிறுத்திக்கொண்டால் அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

மெக்சிக்கோவில் பிழியப்படும் சிறிய பச்சைக் காய் நம் தேசிக்காயின் இனம்தான் என்பதால் அதற்கு மாற்றுத் தேட வேண்டியதில்லை. பெரிய, காரம் குறைந்த அவர்களது மிளகாய்க்குப் பதிலாக நம் கறிமிளகாய் போதும். அதை நெருப்பில் நேராகக் காட்டித் தோலைக் கருக்கி, ஒரு பாத்திரத்தில் பத்து நிமிடம் மூடி வைத்தால் தோல் தானாகக் கழன்று வரும். பிறகு விதையை நீக்கி நீளமாகக் கீறிக்கொள்ளலாம்.

புகையூட்டிய மிளகாய்தான் கடையில் கிடைக்காதது. சிப்போட்லே என்று அவர்கள் அழைப்பது, பழுத்த மிளகாயைப் பல மணி நேரம் புகையில் உலர்த்திச் செய்வதாகும். அதன் சாயலை நம் வீட்டிலேயே கொண்டுவரலாம். சிரட்டைக் கரியை நன்றாகக் கனல வைத்து, அதன்மேல் ஒரு பிடி ஈரப் பொச்சைப் போட்டால் புகை எழும். பத்துப் பதினைந்து செத்தல் மிளகாயைக் கம்பி வலையில் பரப்பி அந்தப் புகைக்கு மேலாக உயர்த்தி வைத்து, பழைய சட்டியொன்றால் மூடி இருபது நிமிடம் விட வேண்டும். இதைக் கட்டாயமாக வெளியே, காற்றின் திசை பார்த்துச் செய்யுங்கள். மிளகாய்ப் புகை வீட்டுக்குள் நுழைந்தால் அன்று சமையலே நடக்காது. ஆறிய மிளகாயைக் காற்றுப் புகாத போத்தலில் அடைத்தால் இரண்டு மாதம் வரை மணம் மாறாது.

பால் பொருட்களில் நமக்கு வாய்த்திருப்பது பலருக்கும் வாய்க்காதது. மெக்சிக்கோவில் டாக்கோவின் மேல் ஊற்றும் புளித்த பாலாடைக்கு, நம் பகுதியில் முட்டியில் உறைய வைத்து விற்கும் எருமைத் தயிரைவிடச் சிறந்த மாற்று இல்லை. ஒரு கோப்பைத் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, நீர் வடிந்த பின் உப்பும் அரைத் தேசிக்காயின் சாறும் சேர்த்து அடித்தால் கரண்டியில் ஒட்டி வழியும் பதத்தில் வரும். பசுந்தயிர் என்றால் இரண்டு மணி நேரமாவது வடிய வேண்டும்.

உதிர்த்துத் தூவும் பாற்கட்டியையும் வீட்டிலேயே செய்யலாம். ஒரு லீற்றர் புதுப் பாலைக் கொதி நிலைக்குக் கொண்டுவந்து அடுப்பை அணைத்து, மூன்று மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டு மெதுவாகக் கிண்டினால் பால் திரிந்து, நீர் பச்சை கலந்த மஞ்சள் நிறமாகப் பிரியும். பத்து நிமிடம் பொறுத்துத் துணியில் வடித்து, அரைத் தேக்கரண்டி உப்பைக் கலந்து, மேலே அம்மிக் குழவியையோ வேறு பாரத்தையோ வைத்து அரை மணி நேரம் அழுத்தினால் கையால் உதிர்க்கும் பதத்தில் கட்டியாகும். இது உருகாது; உருகவும் வேண்டியதில்லை.

தொடங்குவதற்கு ஏற்றது சோளன் கதிர்

பெரும்போக மழையோடு சேனைகளில் விதைத்த சோளன் பச்சைக் கதிராகச் சந்தைக்கு வரும் நாட்களில், இந்தச் சமையலை அதிலிருந்து தொடங்குவதே நல்லது. உப்பு நீரில் அவித்த கதிர் நமக்குப் புதிதல்ல. மெக்சிக்கோவின் தெருக்களில் எலோட்டே என்று விற்கப்படுவதும் அதே கதிர்தான். மேலே பூசுவதில்தான் வேறுபாடு. இளங்கதிரை மடல் நீக்கிக் கனல்மேல் பத்து நிமிடம் திருப்பித் திருப்பிச் சுட்டு, ஆங்காங்கே கருமை விழுந்ததும் எடுத்து, மேலே சொன்ன தயிர்க் கலவையைச் சூட்டோடு முழுதும் பூச வேண்டும். அதன்மேல் உதிர்த்த பாற்கட்டியைத் தூவி, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளிட்டு, தேசிக்காயைப் பிழிந்து உடனே கொடுக்க வேண்டும். கதிரைக் கடித்துத் தின்ன முடியாத பெரியவர்களுக்கு மணிகளைச் சீவி எடுத்து, சிறிது வெண்ணெயில் வதக்கி, அதே சேர்மானங்களோடு கோப்பையில் இட்டுக் கரண்டியோடு கொடுக்கலாம்.

சல்சா இரண்டு வகை

அடுப்பில் வைக்காத பச்சைச் சல்சாவுக்கு மூன்று கெட்டித் தக்காளி, ஆறு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி கொத்தமல்லி இலை, ஒரு தேசிக்காய், அரைத் தேக்கரண்டி உப்பு போதும். தக்காளியின் விதைச் சதையை நீக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே அளவாகப் பொடியாக வெட்டிக் கலந்து பதினைந்து நிமிடம் விட்டால் உப்பு நீரை இழுத்துச் சுவைகளை ஒன்றாக்கும். முதன்முறை இதைப் பார்த்த மாமி, சம்பலுக்குத் தேங்காய்ப்பூ போட மறந்துவிட்டாயா மகள் என்று கேட்டார். கேள்வியில் தவறில்லை, சம்பலுக்கும் சல்சாவுக்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கமானது. நம் வெயிலில் இந்தப் பச்சைக் கலவையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் வைக்காதீர்கள்.

சுட்ட சல்சாவில்தான் இந்தச் சமையலின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். தோசைக்கல்லை நன்றாகக் காய வைத்து, எண்ணெய் தடவாமல், நான்கு பழுத்த தக்காளியையும், பாதியாக வெட்டிய ஒரு வெங்காயத்தையும், தோல் உரிக்காத மூன்று உள்ளிப் பற்களையும் அதில் வைக்க வேண்டும். உள்ளி ஏழெட்டு நிமிடத்தில் மென்மையாகும். தக்காளி எல்லாப் பக்கமும் கருகி நீர் கசியப் பதினைந்து நிமிடம் வரை பிடிக்கும். மூன்று முதல் ஐந்து செத்தல் மிளகாயைக் கடைசியில் போட்டுப் பக்கத்துக்குப் பத்து விநாடி மட்டும் அழுத்தி எடுத்துச் சுடுநீரில் ஊற விட வேண்டும். மிளகாய் கறுத்துவிட்டால் கசக்கும். அந்தக் கசப்பை உப்போ சீனியோ மறைக்காது, புதிய மிளகாயை எடுப்பதே வழி.

இவற்றை அம்மியில் உப்போடு அரைப்பது மிகச் சிறப்பு. மெக்சிக்கோவிலும் மெத்தாத்தே என்ற பெயரில் மூன்று கால்களோடு கூடிய எரிமலைக் கல் அம்மி இருக்கிறது. நம்முடையதைப் போலவே அதிலும் முழந்தாளிட்டு இழுத்து அரைப்பார்கள். சல்சா அரைப்பதற்கென்று சிறிய கல்லுரல் ஒன்றும் தனியாக உண்டு. முதலில் உள்ளி, மிளகாய், உப்பு ஆகியவற்றை நன்றாக மசித்து, பிறகு தக்காளியைத் தோலோடு சேர்த்து ஒன்றிரண்டாக அரையுங்கள். மின் அரைப்பானில் செய்பவர்கள் இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு ஓட்டினால் போதும். தொடர்ந்து ஓட்டினால் காற்று கலந்து இளஞ்சிவப்பு நுரையாகி, சுட்ட மணமும் மங்கிவிடும்.

மலைநாட்டிலிருந்து ஆனைக்கொய்யா வரும் காலத்தில் குவாக்கமோலேயும் செய்யலாம். ஆனைக்கொய்யாவின் பழைய மெக்சிக்கோப் பெயரோடு குழம்பைக் குறிக்கும் சொல் சேர்ந்துதான் இந்தப் பெயர் உருவானது. காம்படியில் அழுத்தினால் சற்றே அமுங்கும் இரண்டு பழங்களின் சதையை முள்ளுக்கரண்டியால் கட்டிகள் மிஞ்சும்படி மசித்து, பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி இலை, உப்பு, தேசிக்காய்ச் சாறு ஆகியவற்றைச் சேர்த்தால் முடிந்தது. கொட்டையை உள்ளே போட்டு வைத்தால் கறுக்காது என்பது வெறும் நம்பிக்கை. காற்றுப் படாமல் மெல்லிய பொலித்தீன் தாளை மேற்பரப்போடு ஒட்டி மூடுவதே பயன் தரும். ஆனைக்கொய்யாவைச் சீனி போட்டுப் பாலோடு அடித்தே பழகிய நமக்கு, உப்போடு உண்ணும்போது முதல் வாய் திகைப்பாகத்தான் இருக்கும்.

கௌபி மசியல்

மெக்சிக்கோவில் கறுப்பு நிறத்திலோ புள்ளிகளோடோ இருக்கும் அவரைகளை வேகவைத்து மசிக்கிறார்கள். நம் கௌபி வேறு இனம், ஆபிரிக்காவிலிருந்து வந்தது. ஆனாலும் மசித்த பிறகு பதத்தில் மிக நெருங்கி வருகிறது. 250 கிராம் கௌபியை ஆறு மணி நேரம் ஊறவைத்து, அரை வெங்காயத்தோடும் இரண்டு உள்ளிப் பற்களோடும் நீர் மூழ்கும் அளவுக்கு விட்டு, விரலால் நசுக்கினால் மாவாகும்வரை வேகவையுங்கள். உப்பை இறுதிக் கால்மணி நேரத்தில் சேர்க்கலாம். அவித்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்.

அகன்ற சட்டியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயைக் காய வைத்து, பொடியாக வெட்டிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, கால் தேக்கரண்டி நற்சீரகத் தூளையும் கௌபியையும் ஒரு கோப்பை அவித்த நீரையும் சேர்த்து, மத்தாலோ அகப்பையின் பின்புறத்தாலோ சட்டியிலேயே மசிக்க வேண்டும். கிண்டும்போது சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்து மறையும் பதத்தில் இறக்கிவிடுங்கள். ஆறினால் இன்னும் இறுகும். இதன் ஸ்பானியப் பெயரான பிரிஹோலெஸ் ரெப்ரித்தோஸ் என்பதைப் பார்த்து இருமுறை பொரித்த பருப்பு என்று பலர் பொருள் கொள்கிறார்கள். ரெப்ரித்தோஸ் என்னும் சொல் அங்கே குறிப்பது நன்றாக வதக்கியது என்பதையே. அவர்கள் பன்றிக் கொழுப்பில் செய்வது வழக்கம். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் நண்பர்கள் வந்து உண்ணும் வீட்டில் அது ஆகாது. எண்ணெயோ நெய்யோ போதும். தேங்காய் எண்ணெயின் மணம் மட்டும் இதோடு ஒத்துப்போகவில்லை.

டோர்ட்டியா

டாக்கோ என்பது நிரப்பும் பொருளின் பெயர் அல்ல. டோர்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டியில் எதையேனும் வைத்து மடித்தால் அது டாக்கோ. வட மெக்சிக்கோவில் இந்த ரொட்டியைக் கோதுமையிலும் செய்கிறார்கள். ஏனைய பகுதிகளில் பெரும்பாலும் சோளனில்தான். புதிதாகச் செய்பவர்கள் கோதுமையிலிருந்து தொடங்குங்கள்.

250 கிராம் கோதுமை மாவில் முக்கால் தேக்கரண்டி உப்பையும் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயையும் விட்டு, மா முழுவதும் எண்ணெய் படும்படி விரல்களால் பிசறிய பிறகு, ஏறத்தாழ 130 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஐந்து நிமிடம் பிசையுங்கள். நம் ரொட்டிக்குப் போல் தேங்காய்ப்பூ சேர்ப்பதில்லை. ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விட்டபின் பத்து உருண்டைகளாக்கி, கையில் பிடித்தால் மறுபக்கம் நிழலாடும் அளவுக்கு மெல்லியதாக உருட்ட வேண்டும். உருட்டும்போது மா மீண்டும் சுருங்கினால் இன்னும் பத்து நிமிடம் மூடி வையுங்கள். பலத்தால் வெல்ல முயன்றால் ரொட்டி தடிப்பாகிவிடும். நன்றாகக் காய்ந்த கல்லில் பக்கத்துக்கு முப்பது விநாடி முதல் நாற்பது விநாடி வரை போதும். எடுத்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்த துணிக்குள் அடுக்கி மூடினால் தங்கள் ஆவியிலேயே மென்மையாகும். மூடாமல் விட்டவை சற்று நேரத்தில் அப்பளமாகிவிடும்.

சோளன் டோர்ட்டியா அப்படி எளிதில் கைவருவதில்லை. முதன்முறை நான் கடையில் சோள மா என்று கேட்டு வாங்கி வந்து பிசைந்தது, கையிலும் பாத்திரத்திலும் பசைபோல ஒட்டி, கல்லில் போட்டதும் கண்ணாடிபோலக் கிடந்தது. அது கஸ்ரட்டுக்கும் சூப்புக்கும் இறுக்கம் கொடுக்கும் மாச்சத்து மட்டுமே. முழுச் சோளனை அரைத்த மா அல்ல. முழுச் சோளனை அப்படியே உலர்த்தி அரைத்த மாவும் தனியே பிடிபடாது. மெக்சிக்கோ மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சோளனைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்ட பின்னரே அரைக்கிறார்கள். சுண்ணாம்பு மணியின் தடித்த தோலைக் கரைத்து, மாவுக்கு ஒட்டும் தன்மையைத் தருகிறது. அதைவிட முக்கியமாக, சோளனில் உடலுக்கு எட்டாமல் பிணைந்து கிடக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்தை விடுவிக்கிறது. இந்த முறையைக் கற்காமல் சோளனை மட்டும் கொண்டுபோய் அதையே முதன்மை உணவாக்கிய ஐரோப்பிய நாடுகளில் பெலக்ரா என்னும் நோய் பரவியதற்குக் காரணம் இதுதான்.

வெற்றிலை போடும் பழக்கமுள்ள ஊரில் சுண்ணாம்புக்கு அலைய வேண்டியதில்லை. நிறமும் வாசனையும் சேர்க்காத, உண்ணத்தக்க வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்க வேண்டும். சுவருக்குப் பூசுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. அதுபோல, சோளனும் உண்பதற்கென்று உலர்த்தியதாக இருக்கட்டும். கால்நடைத் தீவனத்துக்கென்று விற்கும் மூட்டையில் பூஞ்சணம் பிடித்த மணிகள் கலந்திருக்கலாம். அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

500 கிராம் உலர்ந்த மணிகளைக் கழுவி, ஒன்றரை லீற்றர் நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி சுண்ணாம்புக் களியைக் கரைத்து, அதில் போட்டு மெல்லிய கொதியில் நாற்பது நிமிடம் வேகவிட வேண்டும். அலுமினியச் சட்டியைச் சுண்ணாம்பு அரிக்கும் என்பதால் எவர்சில்வர் பாத்திரத்தையோ மண் பானையையோ எடுங்கள். ஒரு மணியை எடுத்துத் தேய்த்தால் தோல் வழுக்கிக் கழன்றுவர வேண்டும். உள்ளே நடுப்பகுதி சற்றே கெட்டியாக இருக்க வேண்டும். அடுப்பை அணைத்து மூடி இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் மஞ்சளான அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு, மணிகளைக் கைகளால் தேய்த்து மூன்று நான்கு முறை கழுவுங்கள். தோல் முழுவதும் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

அரைப்பதற்குக் கிரைண்டர் இருந்தால் வேலை இலகு. சிறிய அரைப்பானில் கொஞ்சம் கொஞ்சமாக, தெளிக்கும் அளவு நீர் மட்டும் விட்டு அரைக்க வேண்டும். மா இளகிவிட்டால் இரண்டு கரண்டி வறுத்த அரிசிமா சேர்த்துச் சரிசெய்யலாம். மெக்சிக்கோக்காரர் யாரும் பார்க்காதவரை குற்றமில்லை. உப்புச் சேர்த்துப் பிசைந்த மா, உருட்டி அழுத்தினால் ஓரங்கள் வெடிக்காமலும் கையில் ஒட்டாமலும் இருக்க வேண்டும். வெடித்தால் நீர் தெளியுங்கள். ஒட்டினால் சற்று நேரம் காற்றாட விடுங்கள்.

தேசிக்காய் அளவு உருண்டையை, சோறு கட்டும் லன்ச் ஷீட் தாள்கள் இரண்டுக்கு நடுவே வைத்து, தட்டையான கனத்த பாத்திரத்தால் அழுத்தினால் ஒரு சாண் அகலத்துக்குச் சற்றுக் குறைவான வட்டமாக விரியும். தாளை உரித்து மிகச் சூடான கல்லில் இட்டு, இருபது விநாடியில் திருப்பி, மறுபக்கம் ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் திருப்பும்போது நடுவில் மெல்ல அழுத்தினால் பலூன்போல உப்பும். உப்பினால் பதம் சரி. இவ்வளவு மாவில் இருபத்தைந்துக்கு மேல் கிடைக்கும். வேலை அதிகம்தான், ஆனால் அந்தச் சுண்ணாம்பு கலந்த சோளன் மணத்தை ஒருமுறை அறிந்துவிட்டால் கோதுமை ரொட்டி சற்று வெறுமையாகவே தோன்றும்.

நிரப்புவதற்கு

நம் கரைக்கு மிகப் பொருத்தமானது மீன் டாக்கோ. இது மெக்சிக்கோவின் மேற்குக் கரையில், பாஹா கலிபோர்னியாப் பகுதியில் பெயர் பெற்றது. முள் நீக்கிய பாரை அல்லது விளைமீன் 400 கிராமை விரல் தடிப்பில் நீளமாக வெட்டி, உப்பும் தேசிக்காயும் தடவிப் பத்து நிமிடம் வையுங்கள். நூறு கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், உப்பு ஆகியவற்றை 150 மில்லிலீற்றர் குளிர்ந்த சோடாவில் கட்டிபடாமல் கரைத்து, அதில் மீனைத் தோய்த்துக் காய்ந்த எண்ணெயில் மூன்று நான்கு நிமிடம் பொரித்தெடுக்க வேண்டும். அவர்கள் பியர் விடும் இடத்தில் நாம் சோடா விடுகிறோம், நுரைதான் தேவை. டோர்ட்டியாவில் மயிரிழையாகச் சீவிய கோவாவை முதலில் வைத்து, அதன்மேல் மீன், பிறகு தயிர்க் கலவை, கடைசியில் பச்சைச் சல்சா என்று அடுக்குங்கள். வாவி இறால் கிடைக்கும் நாளில் மீனை மறந்துவிடலாம்: தோல் நீக்கிய இறாலை உள்ளியோடும் மிளகாய்த்தூளோடும் வெண்ணெயில் இரண்டு நிமிடம் புரட்டித் தேசிக்காய் பிழிந்தால் போதும்.

கோழிக்குத் திங்கா என்னும் பியூப்லா நகரப் பக்கத்து முறையைச் சொல்வேன். அரைக் கிலோ கோழியை உப்பு, வெங்காயம், உள்ளி சேர்த்த நீரில் அரை மணி நேரம் அவித்து ஆறவிட்டு நார்நாராகப் பிய்க்க வேண்டும். கல்லில் கருக்கிய நான்கு தக்காளியையும் ஊறவைத்த மூன்று புகை மிளகாயையும் அரைத்து வைத்துக்கொண்டு, நீளமாக வெட்டிய இரண்டு பெரிய வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, அரைத்ததை அதில் ஊற்றி நிறம் ஆழமாகும்வரை காய்ச்சி, கோழியையும் கற்பூரவள்ளி இலையையும் போட்டுப் பத்து நிமிடம் கிண்டி இறக்குங்கள். குழம்பு வழியக் கூடாது; வழிந்தால் டோர்ட்டியா கிழியும்.

வெள்ளிக்கிழமை மரக்கறி என்றிருக்கும் வீடுகளில் இதே குழம்பைப் பலாப்பிஞ்சில் செய்யலாம். அவித்துப் பிய்த்த பலா கோழியைப் போலவே நாராகும். ஆனால் அதைக் குழம்போடு கலந்த பின், அகன்ற சட்டியில் பரப்பிக் கிண்டாமல் ஐந்து நிமிடம் விட்டு அடிப்பக்கம் சிவக்க வைத்தால்தான் அவித்த காயின் வாசம் போகும்.

குடிப்பதற்கும் மறுநாளுக்கும்

ஒர்ச்சாட்டா என்னும் அரிசிப் பானத்தை இங்கே செய்யாமல் விட்டால் நட்டம் நமக்குத்தான். இலங்கைக் கறுவாவை மிகுதியாக வாங்கும் நாடு மெக்சிக்கோ. அவர்கள் கனேலா என்று சொல்லித் தேடுவது நம் மெல்லிய பட்டையையே. ஒரு கோப்பை வெள்ளைப் பச்சை அரிசியை விரல் நீளக் கறுவாத் துண்டோடு மூன்று கோப்பைச் சுடுநீரில் ஊறவிட்டு, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுவதும் வையுங்கள். வெளியே விட்டால் நம் வெக்கையில் விடியுமுன்பே புளித்துவிடும். காலையில் நீரோடும் கறுவாவோடும் அரைத்து, துணியில் இருமுறை வடித்து, ஒரு கோப்பை காய்ச்சி ஆறிய பாலும் நான்கு மேசைக்கரண்டி சீனியும் கலந்து குளிரக் குடிக்கலாம். அரிசி அடியில் தங்கும் என்பதால் ஊற்றும் ஒவ்வொரு முறையும் கலக்குங்கள்.

பரிமாறும்போது டாக்கோக்களைச் சமையலறையில் மடித்துக் கொண்டுவர வேண்டாம். துணியில் பொதிந்த டோர்ட்டியா, நிரப்பும் கறி, கௌபி மசியல், இரண்டு சல்சா, தயிர், பிளந்த தேசிக்காய் என்று தனித்தனியே நடுவில் வைத்துவிட்டால் ஒவ்வொருவரும் தம் காரத்துக்கு ஏற்ப மடித்துக்கொள்வார்கள். கையால் உண்ணும் நமக்கு இதைப் பழக்கித் தர வேண்டியதில்லை.

மிஞ்சிய சோளன் டோர்ட்டியாக்களை எறியாதீர்கள். அவற்றை முக்கோணமாக வெட்டி இரவு முழுவதும் உலரவிட்டு, காலையில் எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, சுட்ட சல்சாவைச் சட்டியில் கொதிக்கவைத்து அதில் புரட்டி, மேலே பொரித்த முட்டையும் தயிரும் பாற்கட்டியும் வைத்தால் அங்கே சிலாக்கிலேஸ் என்னும் காலை உணவு. எல்லோரும் மேசைக்கு வந்து அமர்ந்த பிறகே சல்சாவில் புரட்டுங்கள். ஐந்து நிமிடம் தாமதித்தாலும் நமத்துக் கூழாகிவிடும்.